மூன்று வரிக்கு இடம் இல்லை

நவம்பர் 12, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். உப்பளங்களில் ஆள் இல்லை. சேதி எடுக்க பஸ்ஸில் கடற்கரைப் பேரூராட்சிக்கு. குடிநீர்க் குழாய் உடைந்து சாக்கடைக்குள் கிடக்கிறது. கருவாடு விற்கும் ரோஸ்லின் குடத்தை என் மூக்கருகே நீட்டினாள். "மோந்து பாருங்க அண்ணாச்சி. இதத்தான் குடிக்கோம்."

அவள் மகள் ஜெனிபாவுக்கு மஞ்சள் காமாலை. ஏழாம் வகுப்பு. பாயில் படுத்தபடியே, "பேப்பர்ல எம்பேரும் வருமா?"

வரும் என்றேன்.

நவம்பர் 14, வியாழன்

நல்ல மழை. குடைக்கம்பி ஒடிந்தது. பேரூராட்சிப் பொறியாளர் என்னைக் கண்டதும் வராந்தாவுக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர்.

"மூணு வரி போடுங்க அண்ணாச்சி. பேப்பர் கட்டிங்க ஃபைல்ல வச்சாத்தான் மேல கையெழுத்துப் போடுதாவ. இல்லன்னா அடுத்த வருசம்னு தள்ளிருதாவ."

எத்தனையோ வருஷமாக இப்படித்தான். செய்தி வரும், கத்தரித்துக் கோப்பில் ஒட்டுவார்கள், வேலை நடக்கும். எங்கள் பேப்பரில் மாவட்டப் பக்கம் போன மாதம் நின்றுபோனதைச் சொன்னேன். ஜவுளிக்கடை, நகைக்கடை விளம்பரமெல்லாம் செல்போனுக்குப் போய்விட்டது. மதுரைச் செய்திப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு மூலைதான் மிச்சம்.

பொறியாளர் கேட்டார்: "அப்ப இனி எங்கள யாரு கேப்பா?"

நவம்பர் 16, சனி

மூன்று வரி எழுதி அனுப்பினேன். எங்கள் பேப்பர் மேலாளர் போனில்: "இப்ப வர்றதே அரசாங்க டெண்டர் விளம்பரம் மட்டும்தான், அண்ணாச்சி. அவங்கள எதுத்து எழுதி அதையும் கெடுத்துராதிய. ஒங்க சம்பளமும் அதுலதான்."

கோபம் வரவில்லை. அவர் சொன்னது உண்மை.

டீக்கடையில் ஒருவர் பேப்பரை உதறிவிட்டு: "பூரா மதுரைச் சேதி. நம்மூருல ஒண்ணுமே நடக்கலை போல, ஏலே!" எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ரோஸ்லின் இரண்டு தடவை கூப்பிட்டாள். "தெருவிளக்கு அவிஞ்சதுக்கே மறுநாள் போட்டியளே அண்ணாச்சி. இப்ப என்ன?" பிள்ளையைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

வாங்க வேண்டியது: பிரஷர் மாத்திரை, குடை.

நவம்பர் 21, வியாழன்

ஜெனிபா போய்விட்டாள்.

பந்தலுக்குள் மழை ஒழுகியது. ரோஸ்லின் அழவில்லை. பள்ளிக்கூடத்தில் எடுத்த படம் ஒன்றை என் கையில் திணித்தாள். "துட்டு குடுத்தா போடுவாவளா, அண்ணாச்சி? அவ பேரு வரணும்."

மேலாளரிடம் கேட்டேன். "கண்ணீர் அஞ்சலியா? இடம் இருக்கு. கால் பக்கம்கூட இருக்கு."

வாசகம் நான்தான் எழுதினேன். பெயர். தெரு. 'சாக்கடை கலந்த குழாய்த் தண்ணீரால் வந்த மஞ்சள் காமாலையில் இறைவனில் இளைப்பாறினாள்.' மேலாளர் படித்துப் பார்த்தார். "துட்டு குடுக்கவங்க வார்த்தை. நமக்கென்ன."

மூன்று வரிதான் வந்தது.

நவம்பர் 23, சனி

வெயில். குடை வாங்கவில்லை. இன்று பேப்பரில் ஜெனிபா, ரெட்டைச் சடையோடு. ரோஸ்லின் வீட்டுக்குப் போனேன். பொறியாளர் சந்து முனையில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வர மாட்டேன் என்றார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"இன்னைக்குப் பேப்பர் இருக்கா அண்ணாச்சி? ஃபைலுக்கு."

கொடுத்தேன்.