கட்டைவிரல் மறைத்த தேதி

மச்சான்,

ஞாயிற்றுக்கிழமை காலை பீரோவைத் திறந்ததும் குப்பென்று ஒரு நாற்றம். எலி செத்துக் கிடக்கிறது என்று என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். எலி இல்லை. அந்த பிரெஞ்சுப் பெட்டிக்குள் இருந்த கறி டப்பா ஊதிப்போய், ஓரம் விட்டுக் கசிந்திருந்தது. எந்தப் பெட்டி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கெட்டுப்போய்விட்டது என்று அன்றைக்கு நான் சொன்னேனே, அதே பெட்டிதான். இப்போதுதான் உண்மையிலேயே கெட்டிருக்கிறது.

நீ போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. இன்னும் உன்மேல் எனக்குப் பொறாமைதான். அழுகை வருகிற அன்றைக்கும் அதுதான் முந்திக்கொள்கிறது.

பிற தேசத்துச் சிப்பாய்கள் போர்முனையில் தின்கிற சாப்பாட்டுப் பொட்டலங்களைச் சேர்க்கிற பைத்தியம், செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரைக்கும் தேடினாலும் நம் இரண்டு பேருக்குத்தான். நான் மெடிக்கல் கடையில் உட்கார்ந்தபடி இன்டர்நெட்டில் தேடி, முன்பின் தெரியாதவனிடமெல்லாம் கெஞ்சி ஒரு பார்சல் வரவழைத்தால், உள்ளே இறைச்சி இருக்கிறது என்று பாதி நேரம் சுங்கத்திலேயே நிறுத்திவிடுவார்கள். நீயோ கோவளத்தில் சர்ஃபிங் ஆட வருகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விட்டாய். அவர்கள் கிளம்பும்போது, உங்கள் பட்டாளத்துச் சாப்பாடு ஒன்று கொண்டு வா என்று அரைகுறை இங்கிலீஷில் சொல்லி அனுப்புவாய். அடுத்த சீசனில் வந்துவிடும். நார்வே வந்தது, கொரியா வந்தது, இத்தாலி வந்தது. எனக்கு வயிறு பற்றிக்கொண்டு வந்தது.

வந்ததைப் பத்திரமாக வைத்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். நான் ஒவ்வொன்றையும் எடை போட்டு, எண் ஒட்டி, சீல் உடையாமல் அடுக்குகிறவன். நீ படகு ஓரத்தில் உட்கார்ந்து பிரித்துவிடுவாய். பிரிக்கும் முன்னால் என்னிடம் நீட்டுவாய். "பன்னிக்கறி கீதா பாரு மச்சான். தேதி பாரு." மருந்துக்குத் தேதி பார்த்தே பிழைக்கிறவன் நான்; நான் சொல்லிவிட்டால் உனக்கு அதற்கு மேல் பேச்சில்லை. பிறகு இருக்கிற எல்லோருக்கும் ஒரு வாய். தின்று முடித்த உறையைக் கழுவிக் காயவைத்து, யார் தின்றார்கள், என்ன சொன்னார்கள் என்று அதன்மேலேயே மார்க்கரில் எழுதி வைப்பாய். காலிக் கவருக்கு ஒரு கலெக்‌ஷனா என்று நான் சிரித்திருக்கிறேன்.

அமெரிக்கப் பொட்டலத்தில் ஒரு பை வந்ததே, தண்ணீர் ஊற்றினால் தானே சூடாகி உணவைச் சுடவைக்கிற பை. எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று நான் போனில் தேடிக்கொண்டிருந்தேன். "கடலு இன்னாத்துக்குக் கீது?" என்று நீ உள்ளங்கையில் அள்ளி ஊற்றினாய். புஸ்ஸென்று பொங்கிக் கொதித்தது. படகுக்காரர்கள் கைதட்டினார்கள். விஷயம் தெரிந்தவன் நான், கைதட்டல் உனக்கா என்று இருந்தது.

அப்புறம் அந்த பிரெஞ்சுப் பெட்டி. மடக்கு அடுப்பும் குட்டிக் குட்டி டப்பாக்களுமாக, நான் பல வருஷம் தேடிய பெட்டி. காய்ச்சலில் கிடந்த ஒருவனுக்கு நீ நோன்புக் கஞ்சி ஊற்றினாயாம், நன்றிக்கு அனுப்பினானாம். நானும்தான் ஊருக்கே காய்ச்சல் மாத்திரை கொடுக்கிறேன், எனக்கு எவன் என்ன அனுப்பினான்?

அட்டையில் இரண்டு தேதி இருந்தது. மேலே இருந்தது பெட்டி கட்டிய தேதி. கீழே இருந்தது கெடு முடிகிற தேதி. அதற்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. கீழே இருந்ததைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு மேலே இருந்ததைக் காட்டினேன்.

"முடிஞ்சு போச்சு மச்சான். தின்னா நேரா ஆஸ்பத்திரிதான்."

நீ பெட்டியைப் பார்த்தாய். என் கையைப் பார்த்தாய். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் முகம் தொங்கிப்போனது. "அப்ப நீயே எத்துக்கினு போ. உன் பீரோவுக்குத்தான் வயிறு கெடாதே" என்றாய். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். திருப்போரூர் தாண்டுகிற வரைக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

உன் நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு வந்தபோது உன் மனைவி ஒரு துணிப்பையைக் கொடுத்தார். "அண்ணே, இதெல்லாம் ஒங்களுக்குன்னு சொல்லிக்கினே இருந்தாரு." உன் காலிக் கவர்கள். பிரித்துப் பார்க்காமல் பரண்மேல் போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பீரோவைக் கழுவி முடித்தபிறகுதான் என்னவோ தோன்றி அதை இறக்கினேன். நார்வே உறையில் படகுக்காரர் முனுசாமி, "மீனுன்றாங்க, மீனு வாடையே இல்ல" என்று சொன்னது இருந்தது. ஒவ்வொன்றாகப் படித்துத் தனியாகச் சிரித்தேன். என் பீரோவில் நாற்பது பெட்டி இருக்கிறது, ஒன்றிலும் ஒருத்தர் குரல் இல்லை.

பையின் அடியில் ஓர் அட்டைத்துண்டு. உன் கையெழுத்து. "பிரெஞ்சு பொட்டி. கீழ்த் தேதிய வெரல் வெச்சி மறச்சான். ஆசப்பட்டுட்டான், போவட்டும். தின்னது: மச்சான். சொன்னது:" அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. எழுத இடம் விட்டிருந்தாய்.

தெரிந்துமா கொடுத்தாய்? முதலில் வெட்கமாக இருந்தது. மறைக்க மாட்டேன், அடுத்து வந்தது பழைய பொறாமைதான். பெட்டி சேர்ப்பதில் உன்னிடம் தோற்றேன், சரி. இதிலுமா?

அந்த பிரெஞ்சுப் பெட்டியில் கெடாமல் இருந்தது பிஸ்கட் பாக்கெட் ஒன்றுதான். அன்று சாயங்காலமே எடுத்துக்கொண்டு கோவளம் போனேன். அதே படகு ஓரம். உன் மனைவிக்கு ஒன்று, முனுசாமிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. "சாக்பீஸ் துன்றாப்ல கீதுபா" என்றார் முனுசாமி. உறையில் எழுதிக்கொண்டேன். பிறகு உன் அட்டையை எடுத்து, சொன்னது என்பதற்கு எதிரே 'நல்லா கீது' என்று எழுதப்போனேன். உன்னிடம் இன்னொரு பொய் வேண்டாம் என்று நிறுத்திவிட்டு, "தேதி இருந்திச்சி மச்சான், நான்தான் பொய் சொன்னேன்" என்று எழுதினேன்.

அட்டை என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. இந்த நாலு நாளாகக் கடையில் மாத்திரைக்குத் தேதி பார்க்கும்போதெல்லாம் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். நீ இப்போது எங்கே உட்கார்ந்து, யார் கொடுத்த பொட்டலத்தைப் பங்கு வைத்துக்கொண்டிருக்கிறாயோ. அங்கே உனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேதி பார்த்துச் சொல்கிறவன் எவனோ. அவனை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.