எழுபது நிமிடம்

டிசம்பர் 18, வியாழன்

காலை ஏழு பத்துக்கு மகள் வெந்நீர் வாளியை இழுத்துக் கவிழ்த்துவிட்டாள். இரண்டு பாதமும் வெந்துபோயின. ஹீட்டர் ராடைப் போட்டுவிட்டு மறந்தாயா என்று மாலாவிடம் கத்தினேன்.

“நான் போடவே இல்லீங்க.”

மனைவி பொய் சொல்கிறாள் என்று காட்டவே, ஆஸ்பத்திரி பெஞ்சில், நான் பியூசி இயற்பியல் வகுப்பில் நடத்தும் கணக்கைப் போட்டேன். இருபது லிட்டர் தண்ணீர், தன்வெப்பம் 4.2, இருபதிலிருந்து தொண்ணூற்றைந்து டிகிரி. 6300 கிலோஜூல். ஒன்றரைக் கிலோவாட் ராடுக்கு எழுபது நிமிடம் ஆகும்.

அப்படியானால் சுவிட்ச் போட்டது ஆறு மணிக்கு. அப்போது மாலா தூங்கிக்கொண்டிருந்தாள். குளிக்கவென்று போட்டுவிட்டு, அல்சூர் ஏரிப் பக்கம் நடக்கப் போனவன் நான்.

வார்டு வாசலில் மாலா கேட்டாள்: “ஒருவேளை நான்தான் போட்டுட்டு மறந்துட்டேனோ?”

“சரி, விடு” என்றேன்.