தங்கள் கீழ்ப்படிந்த

மரக்காணம்
6 ஜனவரி 2025

அன்புள்ள அருள்மொழி,

நலம். நீ கேட்டபடி தாளில் எழுதுகிறேன். மகள் இதைப் போனில் படம் எடுத்து அனுப்புவாள்.

என் வீட்டுக்காரர் போய் எட்டு மாதம். உப்பளக் குத்தகை இன்னும் அவர் பேரில்தான். என் பேருக்கு மாற்றச் சொல்லி உப்பு ஆபீசுக்கு மனு கொண்டுபோனேன். பன்னிரண்டு வருடம் நான் மிதித்த பாத்தி. மாற்றித் தராவிட்டால் இந்த வருடம் அதில் கால் வைக்க முடியாது.

கிளார்க் குப்புசாமி படித்துவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, ஆபீசருக்குப் போயி 'அன்புடன்'னு எழுதியிருக்கியே! அவரு சம்சாரம் பாத்தா என்னாவறது?"

உன்னைத் தவிர யாருக்கு நான் கடிதம் எழுதியிருக்கிறேன்?

'தங்கள் கீழ்ப்படிந்த' என்று போட்டு வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டுமாம். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அப்படித்தானாம். எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை.

என்ன செய்யட்டும்?

அன்புடன்,
தெய்வநாயகி


தார் எஸ் சலாம்
8 ஜனவரி

தெய்வா,

சிரித்தேன். பாதியில் நின்றுவிட்டது.

இங்கே என் வகுப்பில் விண்ணப்பம் எழுதக் கற்றுத் தருகிறோம். முடிவில் 'வாக்கோ ம்தீஃபு'. இவர்கள் மொழியில், உங்கள் கீழ்ப்படிந்த. விடுதலை கிடைத்து அறுபது வருடத்துக்கு மேல். அதே வெள்ளைக்காரன்தான். கடைசி வரியை இரண்டு ஊரிலும் விட்டுப் போயிருக்கிறான். அதை எழுதாத பிள்ளைக்கு மார்க் குறைப்பது நான்.

பிடிவாதம் வேண்டாம்டி. எழுதிக் கொடு. பாத்தி முக்கியம்.

அருள்


மரக்காணம்
3 பிப்ரவரி

அன்புள்ள அருள்,

குத்தகை என் பேருக்கு வந்துவிட்டது. நேற்று பாத்தி மிதித்தோம். சேறு முழங்கால்வரை. அத்தனை சந்தோஷம்.

நீ சொன்னதை நான் கேட்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை வெறும் பேரைப் போட்டு நீட்டினேன். குப்புசாமி தலையில் கை வைத்துக்கொண்டார். "இதுக்குன்னு திருப்பி அனுப்பிட்டா ஒரு வருசம் போயிடும்மா." தன் பேனாவைத் திறந்து, என் பேருக்கு மேலே அந்த இரண்டு வார்த்தைகளையும் அவரே எழுதினார். அழகான கையெழுத்து. நான் தடுக்கவில்லை.

நல்ல மனிதர். உத்தரவு வாங்கிய அன்று அவருக்கு மனசார நன்றி சொன்னேன். உனக்கும் சொல்கிறேன், இதையெல்லாம் கேட்க நீ இருக்கிறாய்.

அன்று ஆபீசை விட்டு வெளியே வந்ததும் காலில் கல் குத்தியது. பார்த்தால், செருப்பு படிக்குக் கீழே கிடக்கிறது. உள்ளே போகும்போதே கழற்றியிருக்கிறேன், அருள்.

யாரும் கழற்றச் சொல்லவில்லை.

உன்
தெய்வா