பழுக்காத முலாம்பழத்தில் மோர்க்குழம்பு

மலர்,

அரிசி டிரம்மில் வைத்த முலாம்பழம் மூன்றும் இன்று காலையிலும் கல் மாதிரிதான் இருந்தன. பாவூர்சத்திரத்தில் வாங்கி வந்த அன்றே, "பிஞ்சுல பறிச்சத அரிசிக்குள்ள வச்சா பழுத்துருமாக்கும்?" என்று கேட்டாய். அரிசிச் சூட்டில் பழுக்கும் என்று எங்கோ படித்திருந்த நான், உன் தம்பி சாம் முன்னால், "பழத்தப் பத்தி உனக்கு என்னட்டி தெரியும்?" என்றேன். அதன் பிறகு நீ என்னோடு பேசவில்லை. பழமும் பழுக்கவில்லை.

நீ ஜெபக்கூட்டத்துக்குப் போனதும் மூன்றையும் தோல் சீவி மோர்க்குழம்பு வைத்துவிட்டேன். வெள்ளரிக்காய் மாதிரியே வெந்தது. சூடாக்கும்போது கொதிக்க விடாதே, திரிந்துவிடும். பார், மோர்க்குழம்பையும் உனக்கே சொல்லித்தருகிறேன்.

குற்றாலத்தில் தண்ணீர் விழவில்லை என்று இந்தக் கோடைக்கும் பத்திரிகைக்குச் செய்தி எழுதக் கிளம்புகிறேன். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு எப்சிபா அக்காவிடம் கொடு.

மத்தியானம் சாம் சாப்பிட வருகிறான். மலர் சொன்னதுதான் சரி, அது காய்தான். இந்த வரியை அவனிடம் காட்டு.

துரை

பி.கு. நான் வைத்த குழம்பு என்று முதலிலேயே சொல்லாதே, தொடமாட்டான்.

இன்னொன்று. சாப்பிட்டதும் போன் பண்ணு. உப்பைப் பற்றி மட்டும் பேசினாலும் போதும்.