ஒல்லாந்தர் கல்லறையில் உன் ஆட்கள் பாடியது

பசியாவரத்து மச்சானுக்கு சலாம்.

நேற்றுச் சாயங்காலம் உன் வலைக்காரர்கள் எட்டுப் பேரும் ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தில் பாடினார்கள். நன்றாகவே பாடினார்கள்.

கோட்டையை இங்கிலீஷ்காரரிடம் விட்டுவிட்டு ஒல்லாந்தர் எல்லோரும் கப்பலேறுகிறார்கள் அல்லவா? அவர்களில் ஒரு விதவை அம்மாள், இங்கே புதைத்த தன் புருஷனுக்குப் பிடித்த ஒரு கவிதையை மேல்குரல், அடிக்குரல் என்று நான்கு குரலில் அவர் சமாதி முன் பாடிவிட்டுப் போக நினைத்தாள். அடிக்குரல் பாடிய சிப்பாய்கள் முன்னமே போய்விட்டார்கள். நான் ஆள் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். உன்னிடம் கேட்கத்தான் எனக்கு வாய் வரவில்லை. உன் அக்கா எனக்குத் தெரியாமல் சொல்லி அனுப்பியிருக்கிறாள். நீயும் ஒரு கேள்வி கேட்காமல் அனுப்பிவிட்டாய்.

அம்மாள் மூன்று நாள் சொல்லிக் கொடுத்தும் ஒருவனுக்கும் குரல் எழும்பவில்லை.

"கவுறு இல்லாம இன்னா பாடறது, சாயபு? கை சும்மா இருந்தா தொண்டை தொறக்காது" என்றான் மாரி.

நேற்று வலைக்கயிற்றைத் தோட்டத்து வேப்பமரத்தில் கட்டிக் கொடுத்தேன். இழுத்துக்கொண்டே பாடினார்கள், கடலே உள்ளே வந்தது போலிருந்தது. "மரத்தப் புடுங்கிடாதீங்கடா" என்றேன். அம்மாள் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

என் வாக்கைக் காப்பாற்றினாய், மச்சான். நீ எங்கள் வீட்டுப் படி ஏறாத இந்த மூன்று வருடமும் பெருநாள் அன்று உன் அக்கா உனக்கும் சேர்த்தே சமைக்கிறாள்.

கருவாட்டு வியாபாரத்தில் எனக்கு மூன்று பங்கு, உனக்கு ஒன்று என்று அன்று பிடிவாதம் பிடித்து நம் பேச்சை முறித்தது நான்தான். இனிமேல் சரிபாதி. கப்பல்காரரிடம் விலை பேசும்போது நீயும் என் பக்கத்தில் உட்கார வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா புருஷன்