எடுத்துக்கோ என்றான்

அக்டோபர் 4, வியாழன்

கர்ட்டிஸ் கடைசியில் சம்மதித்துவிட்டான். அடுத்த சனிக்கிழமை வில்லியம்ஸ்பர்க்கில் ஒரு முழு நாள். காலையில் எனக்காக மியூசியம், பிறகு அவனுக்காக கோல்ஃப், சாயங்காலம் இரண்டு பேருக்கும் நல்ல இடத்தில் சாப்பாடு. எல்லாம் திருமண ஆலோசகர் அம்மாள் சொன்ன யோசனை. முப்பத்தோரு வருஷக் கல்யாணத்தை ஒரே நாளில் ஒட்டவைக்கிற பசை எந்தக் கடையில் விற்கிறது என்று கேட்க வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். எனக்கு அவன் வேண்டும். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், வேண்டும்.

தங்கை லொரெட்டாவிடம் போனில் சொன்னேன். "இப்பத்தான் ஞானோதயம் வந்துச்சா ரெண்டு பேருக்கும்?" என்றாள்.

அக்டோபர் 9, செவ்வாய்

சாப்பிட மேஜை பதிவு செய்தேன். 'என்ன விசேஷம்' என்று கேட்ட கட்டத்தில் கல்யாண நாள் என்று போட்டேன். எங்கள் கல்யாண நாள் ஜூனில். பொய்தான். ஜன்னலோர மேஜை கிடைக்குமே என்ற நப்பாசை.

அக்டோபர் 13, சனி, மாலை ஐந்து மணி

ஓட்டல் அறை. அவன் குளிக்கிறான். அதற்குள் எழுதிவிட வேண்டும்.

மியூசியத்தில் கர்ட்டிஸ் ஒரு கிண்டல்கூடப் பேசவில்லை. வழக்கமாக முதல் படத்திலேயே ஆரம்பிப்பான், "இதை நம்ம பொண்ணு மூணு வயசுலயே வரைஞ்சிட்டாளே" என்று. நான் முறைப்பேன். இன்றைக்கு ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் நின்று, கீழே எழுதியிருந்ததைப் படித்து, "நல்லாருக்கு நடீன்" என்றான். பல் டாக்டரிடம் வந்தவன் போலப் பொறுமையாக இருந்தான்.

அப்புறம் கோல்ஃப். குழிக்குப் பக்கத்தில் பந்து வந்துவிட்டால் எதிராளி "எடுத்துக்கோ" என்று விட்டுக்கொடுப்பது உலக வழக்கம். அடிக்காமலே உள்ளே போட்டதாகக் கணக்கு. எங்கள் இருவருக்குள் அது கிடையாது. தேனிலவில் ஒன்றரை அடித் தூரத்தை என்னை அடிக்கவைத்தான், தவறவிட்டேன், அழுதேன். "பந்து உள்ள விழுற சத்தம் கேக்கணும், அப்பத்தான் ஜெயிச்சது" என்றான். அன்றிலிருந்து நானும் அவனுக்கு ஒரு அங்குலம் விட்டதில்லை. காய்ச்சலோடு ஆடியபோதும் விட்டதில்லை. தோற்றவர் ஒரு வாரம் பாத்திரம் கழுவ வேண்டும்.

இன்றைக்குக் கடைசிக் குழி வரை சமம். என் பந்து நாலடியில், லேசான சரிவில். குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எடுத்துக்கோ" என்றான்.

"என்னது?"

"போதும் நடீன். எடுத்துக்கோ. நீதான் ஜெயிச்ச."

எடுத்தேன். அவன் முதலாளிக்கு விட்டுக்கொடுப்பான். முன்பின் தெரியாதவர்களுக்கு விட்டுக்கொடுப்பான். எனக்கு எதற்கு? நான் எப்போதிலிருந்து மூன்றாம் மனுஷி? இல்லை, அதிகம் யோசிக்கிறேனோ — தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது.

அக்டோபர் 14, ஞாயிறு

ஜன்னலோர மேஜைதான் கிடைத்தது.

சிப்பி வந்தது, வாத்துக்கறி வந்தது. பாதியில் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "டொலீடோல ஒரு வீடு பாத்துட்டேன். ஒண்ணாந்தேதி போறேன்."

"யாராவது இருக்காளா?"

"யாரும் இல்ல."

இருந்திருந்தால் சண்டை போட ஒருத்தியாவது கிடைத்திருப்பாள். "அப்ப அந்த நாலடிய எதுக்கு விட்டுக்குடுத்த?" என்று கேட்டேன். அதைத்தான் முதலில் கேட்டேன், பைத்தியக்காரி.

"உன்னோட மல்லுக்கட்டுற தெம்பு எனக்கு இல்ல. நாள் நல்லபடியா முடியட்டுமேன்னு பாத்தேன்."

அந்த நேரம் பார்த்தா பரிமாறுகிற பையன் தட்டோடு வர வேண்டும்! ஒரு கேக், சுற்றிலும் சாக்லேட்டில் 'இனிய கல்யாண நாள்' என்று எழுத்து. பக்கத்து மேஜைப் பெரியவர் கைதட்டினார். "எத்தனை வருஷம் ஆச்சு?"

"முப்பத்தொண்ணு" என்றான் கர்ட்டிஸ். நன்றி வேறு சொன்னான்.

நான் கேக்கைத் தின்றேன். எழுத்தையும் வழித்துத் தின்றேன். என்கிட்ட ஜெயிக்கக்கூட ஆசையில்லாமப் போச்சாடா உனக்கு? திட்டேன்டா, கத்தேன்டா, மேஜையைத் தள்ளேன்டா. ஒரு வருஷம் கோபமா இருந்தாக்கூட நான் உக்காந்து வெயிட் பண்ணுவேனே. இவன் மரியாதையா நடந்துக்குறானே, இதுக்கு நான் என்ன மருந்து வைக்க?

ஒன்பது மணி நேரம் காரில் வீடு திரும்பினோம். வழியெல்லாம் "குளிருதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

நவம்பர் 1, வியாழன்

அலமாரியில் அவன் பக்கம் காலி. என் துணிகளைப் பரப்பிப் போட்டுப் பார்த்தேன். நிறையவில்லை.

மே 4, சனி

குளிர் விட்டதும் முதல் தடவையாக நம் ஊர் கோல்ஃப் மைதானத்துக்குப் போனேன். நேரம் ஒதுக்கிக் கொடுக்கிற வர்ஜில் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"வண்டிய நிறுத்திட்டு வர்றானா?"

"இல்ல வர்ஜில். நான் மட்டும்தான்."

"ஓ." தாளைப் பார்த்தார். "ஒத்தை ஆளுக்குத் தனி நேரம் குடுக்க முடியாதும்மா. ஒன்பது நாப்பதுக்கு மூணு பேர் இருக்காங்க. அவங்களோட சேத்துவிடவா?"

சரி என்றேன். பழக்கதோஷத்தில் கர்ட்டிஸின் குடும்பப் பெயரைப் போட்டு 'ஹாஸ்டெட்லர், 2' என்று அவர் ஏற்கெனவே எழுதியிருந்தார். ரப்பரால் தேய்த்துவிட்டு 1 என்று போட்டார். அந்த மூன்று பேரும் வந்து கைகொடுத்துப் பெயர் சொன்னார்கள். நான் நடீன் என்று மட்டும் சொன்னேன்.