முழுக்க இறங்காத ஆணிகள்

சுத்தியலைக் கையில் எடுத்ததும் அதன் பிடியிலிருந்து உங்கள் வாசம் வந்தது. பிடியைச் சுற்றி நீங்கள் இறுக்கிக் கட்டின பழைய சைக்கிள் ரியூப், அதில் ஊறின வியர்வை, துருப் பிடிக்காமல் இருக்க நீங்கள் பூசுகிற மண்ணெண்ணெய், எல்லாம் சேர்ந்த வாசம். நீங்கள் போய் ஒரு வருசம் தாண்டிவிட்டது. உங்கள் சேட்டுகளைத் தோய்த்து மடித்து வைத்த அன்றே அது போய்விட்டது என்று நினைத்திருந்தேன். கட்டிலுக்குக் கீழே இந்த இரும்போடு கிடந்திருக்கிறது.

உங்களுக்கு நான் ஒரு கடிதமும் எழுதினதில்லை. கடிதம் எழுதுகிற தூரத்துக்கு நீங்கள் ஒருநாளும் என்னை விட்டுப் போனதும் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்ட பழக்கமும் இல்லாததால் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பின்னேரம் முழுக்கப் பேனையோடு இருந்தேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், அதுதான் எனக்கு வரும்.

மகள் என்னை வவுனியாவுக்கு வரச் சொல்லிவிட்டாள். உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள், இந்த மாசம் கேட்பதை விட்டு முடிவாகவே சொன்னாள். வெள்ளிக்கிழமை மருமகன் லொறியோடு வருவார். வீட்டைப் பூட்டுவது, குசினித் தகரங்களையும் மாட்டுக்கொட்டில் தகரங்களையும் கழற்றி ஏற்றுவது, அங்கே அவர்கள் வீட்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு அறை அளவில் பத்தி இறக்குவது. கீழ்வரிசை ஆணிகளையாவது பிடுங்கி வைத்தால் மருமகனுக்கு வேலை குறையும் என்றாள். நானும் ஓம் என்றேன்.

ஏன் ஓம் என்றேன் என்று நீங்கள் கேட்பீர்கள். தனியே இருந்து பார்த்துவிட்டேனப்பா. கறிக்கு உப்புக் கூடினால் முகம் சுளிக்க ஆளில்லை. படலையில் நாய் குரைத்தால் யாரென்று கேட்பவளும் நான், எழும்பிப் போய்ப் பார்ப்பவளும் நான். வயலைக் குத்தகைக்குக் கொடுத்த பிறகு வாய்க்காலில் தண்ணீர் திறந்தாலும் ஒன்றுதான், திறக்காவிட்டாலும் ஒன்றுதான். மழைக்காலத்தில் தொடர்ந்து மூன்று நாள் ஒரு மனுசரோடும் கதைக்காமல் இருந்திருக்கிறேன். மூன்றாம் நாள் கோழிகளைக் கூப்பிடும்போது தொண்டை கட்டிப்போயிருந்தது.

அதனால்தான் கட்டிலுக்குக் கீழே கையை விட்டுச் சுத்தியலை எடுத்தேன். ஒரு பக்கம் அடிக்கிற முகம், மறுபக்கம் இரண்டாகப் பிளந்து வளைந்த கொம்பு. கடையில் சுத்தியல் வாங்குகிறவன் முகத்தைத் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவான். நீங்கள் கொம்பின் பிளவுக்குள் நகத்தை விட்டுப் பார்ப்பீர்கள். "அடிக்கிறதை ஆரும் அடிப்பான், எங்களுக்குப் பிடுங்கிற பக்கம்தான் முக்கியம்" என்பீர்கள். கடைக்காரருக்கு நீங்கள் பகிடி விடுகிறீர்களா என்று தெரியாது. எனக்குத் தெரியும்.

சண்டை கிட்ட வந்து செல் விழத் தொடங்க, விசுவமடுவை விட்டு வெளிக்கிட்ட அந்தக் காலமை நினைவிருக்கிறதா? நினைவிருக்கிறதா என்று உங்களிடமே கேட்கிறேன் பாருங்கள். சாமான் ஏற்ற வந்த உழவு இயந்திரக்காரன் கோர்ன் அடித்துக்கொண்டே நின்றான். நீங்கள் கூரையில். உங்கள் அப்பா, என் மாமா, அடித்த ஆணிகள் ஒவ்வொன்றும் தலைவரைக்கும் மரத்துக்குள் இறங்கியிருந்தன. மாமா தீவுப்பக்கத்திலிருந்து காடு வெட்டிக் குடியேற வந்தவர். திரும்பிப் போகிற எண்ணமே இல்லாத மனுசன் அடித்த ஆணி எப்படி இருக்கும்? கொம்பு அடியில் போகவே இடமில்லை. தகரத்தைக் கிழித்துக் கிழித்துத்தான் எடுத்தீர்கள். பாதிக் கூரையை அப்படியே விட்டுவிட்டு இறங்கி வந்து, இரத்தம் வழிந்த கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி என் பக்கத்தில் இருந்தீர்கள்.

"இனி நான் அடிக்கிற ஆணி ஒண்டும் முழுக்க இறங்காது" என்றீர்கள். கோபத்தில் சொல்கிறீர்கள் என்று விட்டுவிட்டேன்.

உடையார்கட்டில் போட்ட கொட்டிலில்தான் அதைச் செய்து காட்டினீர்கள். ஆணித்தலைக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒரு நெல்மணி அளவு இடைவெளி. கொம்பை உள்ளே விட்டு ஒரு நெம்பு நெம்பினால் ஆணி கையோடு வரும். பக்கத்துக் கொட்டில்காரர் வந்து பார்த்துவிட்டுத் தாங்களும் அப்படியே அடித்தார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பக்கத்தில் ஒருவரும் ஆணியை முழுக்க இறக்கவில்லை. காற்றடித்தால் எல்லாத் தகரமும் சேர்ந்து கடகடத்தது.

என் வலக்கை போனதும் அங்கேதான். மணிக்கட்டுக்குள் போன செல் துண்டை எடுத்தார்கள், கை தப்பியது, ஆனால் அதற்குப் பிறகு பெருவிரலும் சுட்டுவிரலும் மட்டும்தான் மடியும். அங்கேயிருந்து போகும்போது தகரமும் இல்லை, உழவு இயந்திரமும் இல்லை. சுத்தியலைப் பொலித்தீன் பையில் சுற்றி மண்ணுக்குள் தாட்டுவிட்டு என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு நடந்தீர்கள். முகாமிலிருந்து மீள்குடியேற்றத்துக்கு வந்த பிறகு சைக்கிளில் போய் அந்த இடத்தைத் தேடிக் கிண்டி எடுத்துவந்தீர்கள். பிடியைக் கறையான் தின்றிருந்தது, இரும்பு மட்டும் மிச்சம். ஊரெல்லாம் தாட்ட நகையைத் தேடித் திரிகிறது, என்ரை மனுசன் சுத்தியலோடு வருகிறார் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். பாலைமரக் கிளை வெட்டிப் புதுப்பிடி போட்டீர்கள்.

ஆனால் வீட்டுத்திட்ட வீடு கிடைத்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடாததற்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. குசினியை நீங்களே தகரத்தால் இறக்கினீர்கள். எல்லா ஆணியும் ஒரு நெல்மணி தூக்கி. ஆணிக்குக் கீழே பழைய செருப்பு றப்பரை வட்டமாக வெட்டி ஒன்றுக்கு இரண்டாக வைத்தும் மழை ஒழுகியது. சோற்றுப்பானைக்குள் சொட்டியது. கொடியில் போட்ட சீலை மாட்டுக்கொட்டில் ஆணியில் கொழுவிக் கிழிந்தது. எனக்கு ஒரு வீடு வேண்டும், கழற்றி ஏற்றுகிற சாமான் வேண்டாம் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். நீங்கள் வாயைத் திறக்காமல் அடுத்த ஆணியையும் அப்படியே அடிப்பீர்கள்.

அப்போது ஒருநாள் வீட்டுக்குச் சீமெந்து பூச வந்த மேசன், நீங்கள் வயலுக்குப் போயிருந்த நேரம் குசினியைப் பார்த்துவிட்டு, ஐயா வேலையை அரைகுறையாக விட்டிருக்கிறார், நான் முடித்துவிடுகிறேன் என்று ஒவ்வொரு ஆணியாக உள்ளே இறக்கினார். நான் தடுக்கவில்லை. சொன்னால் என்ன, அவருக்கு இஞ்சிப் பிளேன்ரீயும் போட்டுக் கொடுத்தேன். பின்னேரம் நீங்கள் வந்து கூரையைப் பார்த்தீர்கள். ஏச்சு விழப்போகிறது என்று நின்றேன். நீங்கள் சுத்தியலைக் கொண்டுவந்து என் வலக்கையில் தந்தீர்கள்.

"இஞ்சேரும், இதிலை ஒண்டைப் புடுங்கும் பாப்பம்."

கதிரையில் ஏறி நெம்பிப் பார்த்தேன். ஆணி அசையவில்லை. பிடி நழுவிச் சுத்தியல் விழப்பார்த்தது. என்னை வைத்துப் பகிடி பண்ணுகிறீர்கள் என்று எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நீங்கள் சுத்தியலை வாங்கி, மேசன் இறக்கின ஆணி எல்லாவற்றையும் பழையபடி ஒரு நெல்மணி வெளியே எடுத்தீர்கள். அந்தக் கிழமை முழுக்க உங்களோடு நான் கதைக்கவில்லை. நீங்களும் என்னைக் கதைக்க வைக்கிறதுக்காக நல்லாயிருந்த கறியைப் புளிக்குதென்று சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள்.

பிறகு நெஞ்சுநோ வந்து, கிளிநொச்சிக்குக் கொண்டுபோய், ஒரு கதையும் சொல்லாமல் போய்விட்டீர்கள்.

நேற்றுக் காலமை கதிரையை வைத்து ஏறினேன். வலக்கையில்தான் சுத்தியல். கொம்பை ஆணித்தலைக்குக் கீழே விட்டு, எப்படியும் அசையாது என்ற நினைப்போடு கையை அழுத்தினேன். வந்துவிட்டது. அடுத்ததும் வந்தது. மூன்றாவதும். இரண்டு விரல் மடிகிற இந்தக் கைக்கு, ஒரு ஆணிகூட மாட்டேன் என்று சொல்லவில்லை. கதிரையிலிருந்து இறங்கி அடுப்படியில் குந்திவிட்டேன்.

அன்றைக்கு நீங்கள் பகிடி பண்ணவில்லை. என் கைக்கு என்ன முடியும் என்று பார்த்திருக்கிறீர்கள். எத்தனை ஒழுக்கு ஒழுகினாலும், எத்தனை சீலை கிழிந்தாலும் அந்த நெல்மணியை விடாமல் இருந்ததில் பாதி பயம் என்றால் பாதி என் கை. நீங்கள் இல்லாத நேரத்தில் திரும்பவும் எழும்பி ஓட வேண்டி வந்தால், ஒருத்தரையும் பார்த்துக்கொண்டு நிற்காமல் நான் கழற்றிக்கொண்டு போகவேண்டும். அதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தால் அந்தக் கிழமை உங்களோடு கதைத்திருப்பேனே.

அழுதேன். உங்களைக் கொண்டுபோன அன்றுகூட வீடு நிறையச் சனம் நின்றதால் இப்படி அழக் கிடைக்கவில்லை.

அழுது முடிந்த பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. நீங்கள் எனக்கு வழி விட்டுப் போயிருக்கிறீர்கள், நான் அந்த வழியால் போகமாட்டேன். வவுனியாவில் மகள் நல்லாய்த்தான் பார்ப்பாள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என் சட்டிபானையை இன்னொரு வாகனத்தில் ஏற்றி, அதற்குமேல் நானும் ஏறியிருந்து, பின்னால் வீடு சின்னதாகிக்கொண்டு போவதை இன்னொருதரம் பார்க்க என்னால் ஏலாது. முந்தி எல்லாம் போகச் சொன்னது செல். இப்போது ஒருவரும் துரத்தவில்லை. துரத்தாத இடத்திலிருந்து ஏன் வெளிக்கிட வேண்டும்?

மகளுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"தனிய இருந்து என்னம்மா செய்யப்போறியள்?"

"சமைக்கப்போறன். குசினியைக் கழட்டினால் எங்கை சமைக்கிறது?"

அவள் சிரிக்கவில்லை. அழுதாள். அப்பா இருந்தால் உங்களை இப்படி விட்டிருப்பாரா என்று கேட்டாள். அப்பாதான் போகிறதுக்கு எல்லாம் ஆயத்தம் செய்து வைத்தார், அம்மாதான் வரமாட்டன் என்கிறாள் என்று சொன்னேன். அவளுக்கு அது விளங்கியிருக்காது. வெள்ளிக்கிழமை லொறி வராது, மருமகன் பிள்ளைகளோடு பஸ்ஸில் வரட்டும், கோழி அடித்துச் சமைக்கிறேன் என்றேன். சரி என்று வைத்துவிட்டாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் நின்றேன். நானே கேட்டு வாங்கின தனிமை, அதனால் ஒருவரிடமும் முறையிடவும் முடியாது.

பிறகு ஏணியைச் சாத்தி ஏறி அடிக்கத் தொடங்கினேன். பிடுங்குகிற வேலைதான் இந்தக் கைக்கு வரும், அடிக்கிற வேலை வராது என்று அப்போதுதான் தெரிந்தது. இடக்கைக்கு மாற்றினேன். பிடுங்கின மூன்றில் ஒன்று கோணிவிட்டது, நீங்கள் செய்கிற மாதிரி அம்மிக்கல்லில் உருட்டி உருட்டித் தட்டி நிமிர்த்தினேன். பெருவிரலில் ஒரு அடி விழுந்து நகம் கறுத்துப்போயிருக்கிறது. சத்தம் கேட்டுப் பக்கத்து வளவு ராணி வந்தாள். அவளுடைய ஆட்கள் மலைநாட்டிலிருந்து வந்து இங்கே குடியிருக்கிறவர்கள், உங்களுக்குத் தெரிந்தவள்தானே, உங்களிடம் அடிக்கொருதரம் சுத்தியல் இரவல் கேட்டு வருகிறவள். இது எதுக்கு அக்கா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

மேல்வரிசையையும் அடித்தேன். நீங்கள் விட்ட நெல்மணி ஒவ்வொன்றையும் அடைத்தேன். கோபிக்காதையுங்கோ. கடைசி ஆணிக்குக் கீழே கொம்பை வைத்து நெம்பிப் பார்த்தேன். பிளவு உள்ளே போகவில்லை. இனி நான் நினைத்தாலும் என் கையால் இதைக் கழற்ற முடியாது.

எத்தனை வருசச் சண்டை. வென்றுவிட்டேன். அந்தச் சந்தோசத்தில் ஏணியில் நின்றபடியே வீட்டுப் பக்கம் திரும்பி, "முடிச்சுப்போட்டன், வந்து பாருங்கோ" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

"யார்கிட்ட அக்கா சொல்றீங்க?" என்று ராணி கீழேயிருந்து கேட்டாள்.

"இவரிட்டை" என்றேன். அவள் ஏணியை மட்டும் விடாமல் பிடித்திருந்தாள்.

நான் எது சொன்னாலும் உடனே மறுத்துச் சொல்லமாட்டீர்கள் நீங்கள். தலையைச் சொறிந்து, தொண்டையைச் செருமி, ஒரு கொஞ்ச நேரம் எடுத்துத்தான் வாய் திறப்பீர்கள். அந்தக் கொஞ்ச நேரத்தை நான் இன்னும் விட்டுக்கொண்டுதான் கதைக்கிறேன். மகளோடு போனில் கதைத்தாலும், கோழியை ஏசினாலும், ஒன்றைச் சொல்லிவிட்டு நீங்கள் மறுப்பதற்கு எடுக்கிற அவ்வளவு நேரம் பேசாமல் நிற்கிறேன். பிறகுதான் அடுத்ததைச் சொல்கிறேன். இப்போதும் பேனையை நிறுத்தியிருக்கிறேன்.